மார்மலேட் இறுகவில்லை, தோல் ரப்பராகிவிட்டது, பாட்டிலில் பூசணம்: எங்கே தப்பியது?

டிசம்பர் பிறந்தால் புதுச்சேரி கூபேர் மார்க்கெட்டில் கமலா ஆரஞ்சு குவியும். அதே வாரம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து கண்ணாடி பாட்டில்கள் இறங்கும். கிறிஸ்துமஸுக்கு எதிர் வீட்டு அக்கா ரவை போட்ட விவிக்கம் கேக் கொடுத்தனுப்புவார். பக்கத்து வீட்டு ஆயா முறுக்கும் அதிரசமும் தருவார். எங்கள் முறைக்கு நாங்கள் கொடுப்பது மார்மலேட். ஆரஞ்சு ஜாம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும், ஆனால் தோலையும் சேர்த்துக் காய்ச்சுவதால் ஜாமில் வராத சிக்கலெல்லாம் இதில் வரும்.

சிக்கலுக்கு முதல் காரணம் சமையல் குறிப்புகள்தான். பெரும்பாலானவை ஸ்பெயின் நாட்டு செவில் ஆரஞ்சை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அது புளிப்பும் கசப்பும் கூடியது, விதை நிறைந்தது, இறுக வைக்கும் பெக்டின் அதில் ஏராளம். நம் கூடையில் இருக்கும் கமலாவுக்கோ மெல்லிய தோல், இனிப்புச் சாறு, பெக்டினும் குறைவு. அந்த அளவை அப்படியே இதற்குப் போட்டால் பாகுதான் மிஞ்சும். அதனால் நான் தனிக் கமலாவில் செய்வதே இல்லை. அரை கிலோ கமலா, கால் கிலோ எடையில் ஒரு நார்த்தங்காய், கால் கிலோ எலுமிச்சை. தண்ணீர் ஒன்றரை லிட்டர். தோல் நன்றாக வெந்தபின் பாத்திரத்தில் இருக்கும் மொத்தக் கூழையும் எடைபோட்டு, ஒரு கிலோவுக்கு 800 கிராம் சர்க்கரை. 250 கிராம் பாட்டில் ஏழெட்டு நிறையும். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்.

ஆறிய பிறகும் தண்ணியாக ஓடுகிறது

அவசரப்பட்டு மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம். மார்மலேட் இறுக ஒரு முழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள். அதற்குள் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் இறுகத் தொடங்கியதும் உடைந்துபோகும். 48 மணி நேரம் தொடாதீர்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே பாட்டில்களை அலமாரி மேல்தட்டில் வைப்பேன், பிள்ளைகளுக்காக இல்லை, எனக்காக.

இரண்டு நாள் கழித்தும் ஓடினால், எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். தண்ணீர் போல ஓடினால் கொதி போதவில்லை. தேன் போலக் கெட்டியாக, ஆனால் தளதளவென்று நிற்காமல் வழிந்தால் பெக்டினோ புளிப்போ போதவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மருந்துதான் வேறு.

சந்தேகமாக இருந்தால் தராசு சொல்லும். ஒரு கிலோ சர்க்கரை போட்டிருந்தால், முடிவில் மார்மலேட் சுமார் 1.6 கிலோ இருக்க வேண்டும். பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து மொத்தத்தில் 65 சதவீதம் சர்க்கரையாகிவிடும் எடை அது. உங்கள் பாட்டில்களில் உள்ளது 1.9 கிலோ என்றால் இன்னும் 300 கிராம் தண்ணீர் ஆவியாகவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொட்டி, அகலமாகக் கொதிக்கவிட்டு வற்ற வையுங்கள். எடை சரியாக இருந்தும் ஓடினால் மேலும் கொதிக்க வைப்பதில் பயனில்லை. பாகு இன்னும் தடிக்கும், கருக்கும், அவ்வளவுதான்.

அப்போது தேவைப்படுவது எலுமிச்சைக் கஷாயம் என்று எங்கள் வீட்டில் சொல்வது. சாறு பிழிந்த ஏழெட்டு எலுமிச்சை மூடிகளையும் விதைகளையும் நறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் 40 நிமிடம் சிறு தீயில் வேகவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு டம்ளருக்கும் குறைவாக வற்றவிடுங்கள். விரலில் எடுத்தால் வழவழவென்று ஒட்டும். அதையும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றையும் மார்மலேட்டில் சேர்த்து மீண்டும் கொதிக்க வைத்தால் பெரும்பாலும் இறுகிவிடும். பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் பெக்டின் பொடியும் போடலாம். நேராகத் தூவினால் கட்டி கட்டும், ஐந்து பங்கு சர்க்கரையோடு கலந்து தூவ வேண்டும். கடற்பாசி சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. இறுகும்தான், ஆனால் அது ஜெல்லி மிட்டாய்.

அடுத்த முறைக்கு: சர்க்கரை போடும் முன்பே பெக்டின் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வெந்த கூழின் சாற்றில் ஒரு டீஸ்பூன் எடுத்து ஆறவைத்து, மூன்று டீஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றி லேசாகச் சுழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் தாராளம். இரண்டு மூன்று கட்டியாக உடைந்தால் நடுத்தரம். குருணை குருணையாக மிதந்தால் போதாது, சர்க்கரையைக் குறைத்து இன்னும் கொஞ்சம் எலுமிச்சை விதையை வேகவிடுங்கள். பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு ஸ்பிரிட்டுக்கு ஏன் மருந்துக்கடைக்குப் போகவேண்டும் என்று என் மைத்துனர் கேட்டார். பிராந்தியில் சாராயம் 42.8 சதவீதம்தான், சோதனைக்கு அது போதாது என்று சொல்லி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சோதித்த கலவையை வாயில் வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ஸ்பிரிட்டை அடுப்பருகே திறக்கவும் வேண்டாம்.

கம்பிப் பதம் பார்த்துத்தான் இறக்கினேன், ஆனாலும் சரியாக வரவில்லை

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கைகளுக்கு வரும் பிழை இது. எனக்கும் வந்தது. கம்பிப் பதம் சர்க்கரையும் தண்ணீரும் எந்த அளவில் இருக்கின்றன என்பதை மட்டும் காட்டும். பெக்டின் வலைபோலப் பின்னிக்கொண்டதா என்பதை அது காட்டாது. கம்பி வரும்வரை காத்திருந்தால் பெக்டின் உள்ள கூழ் தாண்டிப்போய்விடும், பெக்டின் இல்லாத கூழ் கம்பி வந்தும் இறுகாது.

பார்க்க வேண்டியது கரண்டி. குளிர்ந்த கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் முதலில் சொட்டுச் சொட்டாக விழும். பதம் நெருங்கியதும் விளிம்பில் இரண்டு சொட்டு ஒன்றாகச் சேர்ந்து தகடு போலத் தொங்கி விழும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு, ஃப்ரீசரில் வைத்திருந்த தட்டில் ஒரு டீஸ்பூன் ஊற்றி ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. அடுப்பை அணைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றால் அந்த ஒரு நிமிடத்தில் பாத்திரத்தில் உள்ளது முற்றிவிடும்.

தெர்மாமீட்டர் இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் இந்த எண்ணில் கூட்டல் கழித்தல் தேவையில்லை. ஊட்டியில் இருக்கும் சொந்தக்காரர் இதே எண்ணை நம்பினால் அவருடையது கட்டையாகிவிடும், ஏனென்றால் அங்கே தண்ணீரே 100 டிகிரிக்கு முன்னால் கொதித்துவிடும். முதலில் கொதிக்கும் வெறும் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அது 98 காட்டினால் உங்கள் இலக்கு 102.5.

தோல் ரப்பர் போல இழுக்கிறது

இதற்கு மட்டும் மருந்தே கிடையாது. அதனால்தான் இதைப்பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன்.

சர்க்கரை விழுந்த நிமிடத்திலிருந்து தோல் மேற்கொண்டு வேகாது. சர்க்கரை தோலிலிருந்து தண்ணீரை இழுத்து அதை விறைக்க வைத்துவிடும். அந்த நேரத்தில் தோல் எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவுதான் கடைசி வரை. எனவே சர்க்கரைக்கு முன் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிப் பாருங்கள். வெண்டைக்காய் கூட்டில் வெந்த வெண்டைக்காய் போல முழுதாக மசிய வேண்டும். கொஞ்சம் கடிபடட்டுமே என்று விட்டுவைக்கக் கூடாது. திறந்த பாத்திரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பொறுமை இல்லாத நாளில் நான் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் வைத்து, விசில் வந்தபின் சிறு தீயில் பதினைந்து நிமிடம் விடுவேன். நார்த்தங்காய்த் தோல் தடிமன் என்பதால் அதைத் தனியாக முதலில் வேகவைத்துவிடுவது நல்லது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அன்றைக்கு மதியம் புத்திசாலித்தனமாக மார்மலேட் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். எப்படியும் வெளியே போக முடியாது. இண்டக்ஷன் அடுப்பு. தோல் முக்கால் பதம் வெந்திருந்தது, கரண்டு போய்விடுமே என்ற பயத்தில் சர்க்கரையைக் கொட்டிவிட்டேன். கொட்டி ஐந்து நிமிடத்தில் கரண்டு போயிற்று. திரும்ப வந்தபின் கொதிக்க வைத்தேன், பாகு அருமையாக இறுகியது, தோல் மட்டும் சைக்கிள் ட்யூப். மிக்ஸியில் அரைத்துக் கேக்குக்கு நடுவில் தடவித் தீர்த்தோம். பரிசாகக் கொடுக்க ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரண்டு போகும் என்று தெரிந்தால் தோலை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவைத்திருக்கலாம், மறுநாள் இன்னும் நன்றாக ஊறியிருக்கும்.

எவ்வளவு வேகவைத்தும் மசியவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கடினமான தண்ணீரில் உள்ள கால்சியம் தோலில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதைக் கெட்டியாக்கும். பருப்பு வேகாத போர் தண்ணீரில் ஆரஞ்சுத் தோலும் வேகாது. குடிக்கும் கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கசப்பு தாங்கவில்லை

மார்மலேட் கொஞ்சம் கசக்கத்தான் வேண்டும். பாகற்காய் சாப்பிடும் ஊரில் இதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், ஜாம் என்று நினைத்துத் திறப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நார்த்தங்காய்தான் காரணம் என்றால், நறுக்கிய தோலை நிறையத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். இரண்டு முறை போதும், கிடாரங்காய் என்றால் மூன்று. அதற்குமேல் போனால் மணமும் சேர்ந்து போய்விடும். பெக்டினும் கொஞ்சம் போகும், எலுமிச்சை விதையைக் கூட்டிக்கொள்ளுங்கள். விதைகளை மல் துணியில் முடிச்சாகக் கட்டிப் போட்டால் கடைசியில் பிழிந்து எடுத்துவிடலாம். நான்கைந்து விதை தப்பி உள்ளே கிடந்தால் அவையே கசக்கும்.

சாத்துக்குடியில் வேறு ஒரு விஷயம். பிழிந்தபோது தேனாக இருக்கும் சாறு இரவு முழுவதும் வைத்தால் காலையில் கசக்கும். லிமோனின் என்ற கசப்புப் பொருள் பிழிந்த பிறகே சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல உருவாவதுதான் காரணம். தோலை இரவே ஊறப்போடலாம். சாற்றை மட்டும் காய்ச்சும் அன்றைக்குப் பிழியுங்கள்.

செய்து முடித்த பாட்டில் கசந்தால் கூடுதல் சர்க்கரை உதவாது. ஒரு சிட்டிகை உப்பு கொஞ்சம் உதவும்.

கட்டையாகிவிட்டது, கரண்டியே இறங்கவில்லை

அதிகம் கொதித்துவிட்டது. பாட்டிலுக்கு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் என்ற கணக்கில் பாத்திரத்தில் சேர்த்துச் சிறு தீயில் கரையவிட்டு, ஒரு கொதி வந்ததும் மறுபடி நிரப்புங்கள். நிறம் பழுப்பாகி வாசனையில் கருகல் இருந்தால் காப்பாற்ற முடியாது. ஒரே பாத்திரத்தில் மூன்று கிலோ பழத்தைப் போட்டுக் காய்ச்சும்போதுதான் இப்படி ஆகும். வற்றவே நேரம் பிடிக்கும், அதற்குள் சர்க்கரை கருத்துவிடும். பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டுமானால் இரண்டு தடவையாகக் காய்ச்சுங்கள்.

சாம்பல் நிறமும் இரும்பு வாசனையும் வந்தால் பாத்திரம்தான் குற்றவாளி. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் இந்தப் புளிப்புக்கு ஆகாது. அடிகனமான எவர்சில்வர் போதும்.

வெல்லம் போட்டேன், கூழாகவே நிற்கிறது

பொங்கலுக்குக் கொடுப்பதால் வெல்லத்தில் செய்யலாமே என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். வெல்லம் காய்ச்சும்போது அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். அது புளிப்பை முறிக்கும், புளிப்பு குறைந்தால் பெக்டின் பின்னாது. வேண்டுமானால் கால் பங்கு வெல்லம், முக்கால் பங்கு சர்க்கரை, எலுமிச்சைச் சாறு இரட்டிப்பு. நிறம் கருப்பாக வரும், சுவை நன்றாகவே இருக்கும். பக்கத்து நெல்லிக்குப்பத்திலேயே சர்க்கரை ஆலை இருக்கும் ஊர்க்காரர்கள் நாம், சர்க்கரை என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

தோலெல்லாம் மேலே, கீழே வெறும் ஜெல்லி

கொதிக்கக் கொதிக்க பாட்டிலில் ஊற்றினீர்கள். அடுப்பை அணைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டு, மேலே மெல்லிய ஏடு படியும்போது ஒரே ஒரு முறை கிளறி ஊற்றியிருந்தால் தோல் நடுவில் நின்றிருக்கும். மேலே மிதக்கும் வெள்ளை நுரைக்கு அரை டீஸ்பூன் வெண்ணெய் போதும்.

மணல் மணலாகச் சர்க்கரை

கொதி வருவதற்கு முன் சர்க்கரை முழுதாகக் கரையவில்லை, அல்லது புளிப்பு போதவில்லை. எலுமிச்சையின் புளிப்பு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து மீண்டும் படிகமாகாமல் தடுக்கும். அதனால் சாற்றை இறக்கும்போது ஊற்றாமல் தொடக்கத்திலேயே ஊற்றுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையையும் ஈரத் தூரிகையால் துடைத்து உள்ளே தள்ளுங்கள். மணலான பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் கரையும், சில வாரத்தில் திரும்பவும் மணலாகும். அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள்.

மேலே தண்ணீர் விட்டிருக்கிறது

புளிப்பு மிஞ்சினாலோ சூட்டில் வைத்தாலோ இப்படி ஆகும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரண் இதற்கு மோசமான இடம். கெட்டுப்போகவில்லை, கலக்கிச் சாப்பிடலாம்.

பூசணம், நுரை, சாராய வாசனை

மேலே உள்ளதைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்காதீர்கள். பூசணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தையும் தாண்டி உள்ளே இறங்கியிருக்கலாம், அதன் நஞ்சும் அப்படியே. பாட்டிலோடு போக வேண்டியதுதான். மூடி உப்பியிருந்தாலும், திறந்ததும் குமிழி கிளம்பினாலும் அதே தீர்ப்பு.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். சர்க்கரை 65 சதவீதத்துக்குக் கீழே. பாட்டில் சரியாகக் காய்ச்சப்படவில்லை. அல்லது ஈரக் கரண்டி. வடகிழக்குப் பருவமழை மாதத்தில் நம் சமையலறைக் காற்றே ஈரம், துடைத்த பாட்டிலிலும் ஈரம் கோத்துக்கொள்ளும். பாட்டில்களைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே சூடான மார்மலேட்டை ஊற்றுங்கள். விளிம்புக்குக் கீழே அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் விட்டு மூடி, மறுபடி பத்து நிமிடம் கொதிநீரில் முழுக வையுங்கள். ஈரமான கிரானைட் மேடையில் சூட்டுப் பாட்டிலை வைத்தால் டப்பென்று விரியும், அடியில் மடித்த துண்டு போடுங்கள்.

கொடுத்த இடத்திலிருந்து வரும் புகார்கள்

"ஆரஞ்சில் பெருங்காயம் போட்டீங்களா?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார். ஊறுகாய் பாட்டில் எத்தனை தடவை கழுவினாலும் கண்ணாடி மன்னிக்கும், மூடியில் உள்ள ரப்பர் மன்னிக்காது. பழைய பாட்டிலுக்குப் புது மூடி வாங்குங்கள்.

மூடிமேல் பூப்போட்ட துணி கட்டி ரிப்பன் முடிவது அழகுதான், ஆனால் மார்கழி ஈரத்தில் இரண்டு வாரம் இருந்தால் துணியில்தான் முதல் பூசணம் வரும். கொடுக்கும் அன்று கட்டுங்கள். லேபிளை பாட்டில் முழுதாக ஆறிய பின் ஒட்டி, காய்ச்சிய தேதியையும் "திறந்தபின் ஃப்ரிட்ஜில், உலர்ந்த கரண்டி" என்பதையும் எழுதிவிடுங்கள். ஈசிஆரில் சென்னைக்குப் பஸ்ஸில் எடுத்துப் போனால் நிமிர்த்தி வைத்து மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எறும்புக்கு வழக்கம்போலத் தண்ணீர்த் தட்டு.

எல்லாம் செய்தும் இறுகாத பாட்டில் வருடத்துக்கு ஒன்றாவது வரும். நான் அதில் லேபிள் மாற்றி எழுதிவிடுவேன்: "ஆரஞ்சு சர்பத், ஒரு டம்ளர் வெந்நீருக்கு இரண்டு கரண்டி". போன வருடம் ஆயா அதைத்தான் இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்.